சிஎன்சி ஷாப்பிலிருந்து வகுப்பறைக்கு: ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 35. 2012ல் பி.இ. மெக்கானிக்கல், 2014ல் எம்.இ. மேனுஃபேக்சரிங் முடித்தேன். இரண்டிலும் முதல் வகுப்பு. அன்றிலிருந்து 11 வருடமாக ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். இப்போது சிஎன்சி மெஷின் ஷாப்புக்கு அசிஸ்டென்ட் மேனேஜர். பிடித்தம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. ஷிஃப்ட், ஆடிட், ராத்திரி 2 மணிக்கு போன் என்று அலுத்துவிட்டது. புதிதாகச் சேரும் டிரெய்னிகளுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்த வேலை. சேலம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொபசர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாதம் 34,000, கன்சாலிடேட்டட். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஒப்படைக்க வேண்டும், இரண்டு வருடம் விலகக் கூடாது என்கிறார்கள். பிஎச்.டி. பதிவு செய்யவில்லை. இங்கிலீஷ் சரளமாக வராது. மனைவி பள்ளி ஆசிரியை, ஒரு மகள். வாத்தியார் வேலை நிம்மதி என்கிறார் மாமனார். நண்பர்கள் பைத்தியமா என்கிறார்கள். என் 11 வருட அனுபவம் கல்லூரியில் செல்லுபடியாகுமா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். (பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்:

தம்பி, உங்களுக்கு இருப்பது பத்து நாள் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆஃபரில் சேராதீர்கள். ஆசிரியர் ஆக வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஆக வேண்டியவர்தான். ஆனால் உள்ளே வரும் வாசல் இதுவல்ல, வரும் நேரமும் இதுவல்ல.

கோவையில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் எட்டு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் 26 வருடம் புரொடக்‌ஷன் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியிருக்கும் அலுப்பு எனக்கு நன்றாகவே தெரியும். அந்த ராத்திரி 2 மணி போனை நானும் எடுத்திருக்கிறேன். செல்போன் வராத காலம் என்பதால், அப்போது வாட்ச்மேன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார்.

முதலில் அனுபவக் கணக்கு. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களின் தகுதியையும் சம்பளத்தையும் வகுப்பது ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின்) 2019 விதிமுறை. அசிஸ்டென்ட் புரொபசராக நுழைய பி.இ., எம்.இ. இருந்து, இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும். அது உங்களிடம் இருக்கிறது. அடுத்த படியான அசோசியேட் புரொபசர் பதவிக்குப் பிஎச்.டி. கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களில் ஆறு கட்டுரைகள் வேண்டும். எட்டு வருட அனுபவமும் வேண்டும், அதில் குறைந்தது இரண்டு வருடம் பிஎச்.டி. முடித்த பிறகு. இந்த எட்டு வருடம் எங்கே கழிந்திருக்க வேண்டும் என்ற இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கற்பித்தல், ஆராய்ச்சி, தொழில்துறை என்று மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் விதி எழுதப்பட்டிருக்கிறது. ஆக, உங்கள் 11 வருடம் வீண் போகவில்லை. எட்டு வருடம் என்ற நிபந்தனையை அனுபவத்தின் அளவில் நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். உங்களிடம் இல்லாதது பிஎச்.டி.யும், கட்டுரைகளும், அதற்குப் பிறகான இரண்டு வருடமும்.

இப்போது ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றே கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்தபடி பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்தால் ஐந்து வருடம் பிடிக்கும் என்று வையுங்கள். 40 வயதில் பட்டம், 42ல் அசோசியேட் ஆகும் தகுதி. அதே பிஎச்.டி.யை ஓசூரில் வேலையில் இருந்தபடி செய்தாலும் 40 வயதில் பட்டம், 42ல் அதே தகுதி. விதியின்படி இரண்டு வழியும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. வித்தியாசம் மாதம் 44,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 26 லட்சத்து 40 ஆயிரம், அதுவும் உங்களுக்கு இடையில் இன்க்ரிமென்ட்டே வராது என்று வைத்துக்கொண்டால். மகள் படிப்புக்கும் வீட்டுக்கும் ஆகும் பணத்தை, பதவி வரிசையில் ஒரு நாள் கூட முன்னே கொண்டுபோகாத ஒரு மாற்றத்துக்காக விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதே 2019 விதிமுறையில் அசிஸ்டென்ட் புரொபசரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் பணியிடங்களிலும் சம்பளத்துக்கு அடிப்படை இதுபோன்ற அளவுகள்தான். சுயநிதிக் கல்லூரிகளில் எத்தனை பேர் இதைத் தருகிறார்கள் என்பது ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குச் சொன்ன 34,000 என்பது, டி.ஏ., எச்.ஆர்.ஏ. எல்லாம் சேர்த்தும், சட்டம் சொல்லும் வெறும் பேசிக்கை விடவே 23,700 குறைவு. ‘கன்சாலிடேட்டட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பி.எஃப். பிடிப்பார்களா, கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, வருட உயர்வு எவ்வளவு என்ற எல்லாக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ‘மேனேஜ்மென்ட் பார்த்துச் செய்யும்’ என்று பதில் வரும்.

அடுத்தது நம் துறையின் நிலவரம். மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பிரிவுகளுக்குச் சில வருடமாக நல்ல காலம் இல்லை. பையன்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடுகிறார்கள். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பையும் 2024–25 முதல் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கல்லூரிகள் ஓடும் குதிரையின் மேல் பணம் கட்டுகின்றன. இது ஆசிரியரை எப்படித் தொடுகிறது என்றால், 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. மெக்கானிக்கலில் 60 இடம் இருந்தால் நான்கு வருடத்துக்கு 240 பேர், 12 ஆசிரியர். அதை 30 ஆகக் குறைத்தால் ஆறு பேர் போதும். மீதி ஆறு பேரில் முதலில் போவது யார்? கடைசியாகச் சேர்ந்தவர், பிஎச்.டி. இல்லாதவர். அந்த இரண்டும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். போகாமல் மிஞ்சினாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடத்துக்கு இன்ஜினீயரிங் கிராபிக்ஸ் எடுக்க அனுப்புவார்கள். 11 வருட மெஷின் ஷாப் அனுபவத்தோடு போய், ப்ரொஜெக்‌ஷன் கோடு வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் வர நினைத்தது அதற்காக அல்ல. கையெழுத்துப் போடும் முன் அந்தத் துறையில் இப்போது இரண்டாம் வருடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அட்மிஷன் எண்ணிக்கையை ஆபீசில் கேட்காதீர்கள், மெட்ராலஜி (அளவியல்) லேபுக்குப் போய்த் தலையை எண்ணுங்கள்.

உங்கள் மாமனாரின் ‘நிம்மதி’ பற்றி. ராத்திரி போன் வராது, உண்மை. ஷிஃப்ட் கிடையாது, உண்மை. பெரியவர் மனதில் இருப்பது அந்தக் காலத்து அரசுக் கல்லூரி. நீங்கள் போகப்போவது அங்கல்ல. அசிஸ்டென்ட் புரொபசருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது விதி. பல இடங்களில் அது நிஜத்தில் இருபதைத் தாண்டும். அதுகூடப் பரவாயில்லை, வகுப்பு எடுப்பதில் யாரும் சாகமாட்டார்கள். மூச்சு முட்டுவது ஃபைல் வேலையில்தான். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014ல் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆன பிறகு, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்கு ‘அவுட்கம்’ கணக்கு எழுதுவது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் சி.ஓ. (பாடத்தின் விளைவு), பி.ஓ. (படிப்பின் விளைவு) என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் படிநிலை என்று எழுதி, மூன்று வருட ஃபைலை மூன்று வாரத்தில் தயார் செய்வார்கள். ஐஏடிஎஃப் (வாகனத் தொழிலின் தரநிலை) ஆடிட்டுக்கு முதல் நாள் உங்கள் ஷாப்பில் கண்ட்ரோல் பிளானைத் தேடி ஓடுவீர்களே, அதே ஓட்டம், அதே டீ. ஏப்ரல் வந்தால் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு தேடிப் போய் அட்மிஷன் பேச வேண்டும். ஆளுக்கு இத்தனை சீட் என்று டார்கெட் வைக்கும் கல்லூரிகள் உண்டு. நானே ஒரு மே மாத வெயிலில், தாராபுரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டு, என் கல்லூரியின் பஸ் வசதியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மோர் நன்றாக இருந்தது.

இத்தனையும் சொன்ன பிறகும், வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல ஒரு வகுப்பறைக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான் வேலை மாறி வந்த முதல் செமஸ்டரில் மெட்ராலஜி எடுத்தேன். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ், அதாவது அளவில் எவ்வளவு பிசகு விடலாம் என்ற பாடம், எனக்குத் தண்ணி பட்ட பாடு. மொத்தத்தையும் 20 நிமிடத்தில் முடித்துவிட்டேன். மீதி அரை மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அட்டெண்டன்ஸை இரண்டு தடவை எடுத்தேன். கடைசி பெஞ்சில் சிரிப்பு. அடுத்த நாள் லேபில் ஒரு 25 ஹெச்7 பிளக் கேஜைக் கையில் கொடுத்தேன். ஓட்டையின் அளவு சரியா என்று பார்க்கும் கருவி அது; கோ முனை நுழைய வேண்டும், நோ-கோ முனை நுழையக் கூடாது. கோ முனை 25.000 மில்லிமீட்டர், நோ-கோ முனை 25.021. நடுவில் வெறும் 21 மைக்ரான், தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. ஒரு பையன் நோ-கோ முனையை உள்ளங்கையால் அழுத்தி, திருகித் திருகி, ஓட்டைக்குள் இறக்கிவிட்டு ‘சார், இதுவும் நுழையுது, ஜாப் ரிஜெக்ட்டா?’ என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷாப்பில் ஒரு டிரெய்னி இதைச் செய்திருந்தால் கேஜ் விலையைச் சொல்லித் திட்டியிருப்பேன். இங்கேயும் திட்டினேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உறைத்தது. கேஜை அழுத்தக் கூடாது, அதன் எடையில் தானாக இறங்க வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடத்தில் அது என் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, வாயில் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் எல்லோருக்கும் இருக்கும் கோளாறு இது. நமக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்பதே தெரியாது. அடுத்த வாரம் 60 பேரையும் வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கொரு தடவை கேஜை இரண்டு விரலால் பிடித்து ஓட்டையின் வாயில் வைத்து விடச் சொன்னேன். கோ முனை மெதுவாக, உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கும். அந்தச் சத்தத்துக்கு லேபே அமைதியாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் ‘டாலரன்ஸ்’ என்ற சொல்லுக்கு அவர்களுக்கு அர்த்தம் கிடைத்தது. கேஜை அழுத்திய பையன் பிறகு பல வருடம் குவாலிட்டியில் இருந்தான்.

உங்கள் டிரெய்னி வகுப்பில் இதெல்லாம் ஓரளவு நடக்கும். ஆனால் டிரெய்னிக்குச் சம்பளம் வருகிறது, மெஷின் எதிரிலேயே நிற்கிறது, உங்களுக்குப் பயப்படவும் செய்கிறான். கல்லூரியில் மதியம் 2 மணி வகுப்பில், சாப்பிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. அவனை எழுப்புவதுதான் இந்தத் தொழில். அது உங்களுக்கு வருமா என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. வேலையை விடாமலே அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இங்கிலீஷ் பயத்தை விட்டுவிடுங்கள். தேர்வு இங்கிலீஷில் என்றால் போர்டில் இங்கிலீஷில் எழுதுங்கள், வாயால் தமிழில் விளக்குங்கள். நம் ஷாப் ஃப்ளோர் பாஷையே பாதி இங்கிலீஷ்தானே: ஜாப், சக், இன்சர்ட், ஆஃப்செட், பர். அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. நுனி நாக்கு இங்கிலீஷில் ஸ்லைடைப் படித்துக் காட்டும் ஆட்களை விட, லேத் முன்னால் நின்று ‘ஏன் சேட்டர் (வெட்டும்போது அதிர்வு) வருது, சொல்லுங்க பாப்போம்’ என்று கேட்பவரைத்தான் பையன்கள் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சரி, பிஎச்.டி.க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என் பதிலில் கனமான இடம் இதுதான்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிமுறைப்படி பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்யலாம். கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது மூன்று வருடம், பொதுவாக ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். உங்கள் கம்பெனியிடமிருந்து தடையில்லாச் சான்று கட்டாயம். அதில் படிக்க நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று எழுதித்தர வேண்டும். இதற்காக எச்.ஆர். அறைக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் உங்கள் பிளான்ட் ஹெட்டிடம் போங்கள், அதுவும் கையில் ஒரு பிரச்சினையோடு. ‘எனக்குப் பட்டம் வேண்டும்’ என்றால் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘டூல் செலவைக் குறைக்க ஒரு ஆய்வு செய்கிறேன்’ என்றால் காது கொடுப்பார்.

பிரச்சினைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், அதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஒரு உதாரணம். வெட்டும் வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள உறவை எஃப்.டபிள்யூ. டெய்லர் 1907ல் எழுதிவைத்தார். VTⁿ = C என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய சூத்திரம்; V வேகம், T ஆயுள், C மாறாத எண். கார்பைடு இன்சர்ட்டுக்கு (மாற்றிப் போடும் வெட்டு முனைக்கு) அதில் வரும் அடுக்கு n ஏறக்குறைய 0.25. அப்படியென்றால் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் டூல் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்தவன் மறந்துவிடுவான். உங்கள் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் சூத்திரத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் ஷிஃப்ட் முடியும் வரை இன்சர்ட் மாற்றாமல் ஓட்ட ஸ்பிண்டில் ஓவர்ரைடை, அதாவது சுழலும் வேகத்தை, 80 சதவீதத்துக்கு இறக்கி வைக்கிறார். போட்டுப் பாருங்கள், ஆயுள் கிட்டத்தட்ட 2.4 மடங்கு ஆகிறது. டெய்லருக்கும் உங்கள் ஆபரேட்டருக்கும் நடுவில் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் எப்போது இன்சர்ட் மாற்றினார்கள், எத்தனை ஜாப் ஓடியது, அப்போது ஸ்பிண்டில் லோடு என்ன என்ற பதிவு உங்களிடம் வருடக்கணக்கில் கிடக்கிறது. பல கல்லூரி ஆய்வு மாணவர்கள் ஒன்பது ட்ரையல் ஓட்டி, ஒரு டேபிள் போட்டு, அதில் பட்டம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு உங்கள் ரெஜிஸ்டர் கிடைத்தால் புதையல்.

ஆனால் அந்தப் பதிவு உங்கள் சொத்து அல்ல, கம்பெனியின் சொத்து. எந்த டேட்டாவை, எந்தப் பெயரை மறைத்து, எங்கே வெளியிடலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் வருடம் கட்டுரை அச்சுக்குப் போகும்போது லீகல் டிபார்ட்மென்ட் தடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்த ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், நல்ல வேலைக்காரர்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் பேசுவதை விட, அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் டீக்கடையில் பேசுங்கள். கடைசியாக ஒருவர் எப்போது தீசிஸ் கொடுத்தார், எத்தனை வருடம் ஆனது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது. இந்த மூன்றும் போதும். காசு கொடுத்தால் கட்டுரை எழுதி, அச்சிலும் போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். இப்போது பணம் கொடுத்து வாங்கிய கட்டுரை பத்து வருடம் கழித்து திரும்பப்பெறப்பட்டால், உங்கள் பெயர் அங்கேயே நிற்கும்.

வேலையை விடாமல் வகுப்பறைக்குப் போகும் வழி என்று சொன்னேனே, அது சனிக்கிழமை. ஓசூரைச் சுற்றியும், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கமும் இருக்கும் கல்லூரிகளுக்கு ஷாப்பிலிருந்து ஒரு ஆள் வந்து பேசினால் தேவைதான். இண்டஸ்ட்ரி கனெக்ட் என்று அவர்களும் ஃபைலில் எழுத வேண்டுமே. கெஸ்ட் லெக்சர் என்று ஒரு மணி நேரம் போய் கைதட்டு வாங்கிக்கொண்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க, ஒரே வகுப்புக்கு, ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் தயாரியுங்கள், பேப்பர் திருத்துங்கள். நீங்கள் அருமையாக நடத்தியதாக நினைத்த பாடத்துக்கு 60ல் 41 பேர் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்த பிறகும் அடுத்த சனிக்கிழமை போக ஆசை இருந்தால், நீங்கள் வாத்தியார் ரகம்தான்.

ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளத்தில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கான எட்டு மாட்யூல் பயிற்சி இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் என்ஐடிடிடிஆர் (தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) இந்த வேலைக்காகவே 1964லிருந்து இயங்கும் நிறுவனம். அவர்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளையும் பாருங்கள். பாதி போரடிக்கும். தேர்வு நடத்துவது பற்றிய பகுதி மட்டும் உருப்படியாக உதவும்.

வேறு வாசல்களும் உண்டு. பாலிடெக்னிக் லெக்சரர் ஆக முதல் வகுப்பு பி.இ. போதும், விதிப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. டிப்ளமோ பையன்களுக்கு நடத்துவது உங்களுக்கு இயல்பாகவே வரும், நீங்கள் எடுக்கும் டிரெய்னிகளில் பாதிப் பேர் அவர்கள்தானே. ஆனால் அரசுப் பாலிடெக்னிக்கை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். 1,058 இடங்களுக்கு 2017ல் தேர்வு நடந்தது, முறைகேடு வெளிவந்து 2018ல் ரத்தானது, மறுபடி தேர்வு எழுத 2021 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். அறிவிப்பு வந்தால் எழுதுங்கள், வராத நாளில் மறந்துவிடுங்கள். மத்திய அரசின் டூல் ரூம் பயிற்சி நிலையங்கள் இன்னொன்று. ஹைதராபாத்தில் 1968ல் தொடங்கிய சிஐடிடி போன்றவற்றில் உங்களைப் போன்றவர்களுக்கு மதிப்பு உண்டு.

‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று 2022ல் யுஜிசி கொண்டுவந்ததைப் பற்றி நண்பர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். பிஎச்.டி. வேண்டாம், கட்டுரை வேண்டாம், ஆனால் 15 வருட அனுபவம் வேண்டும், அதுவும் பெரிய பொறுப்பில் இருந்திருந்தால் நல்லது. உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. தவிர அது மூன்று வருடப் பதவி, நீட்டித்தாலும் மொத்தம் நான்கு. ஐம்பத்தைந்து வயதில் கம்பெனியை விட்டு வருபவருக்கு அது கச்சிதமான நாற்காலி. 39 வயதுக்காரர் அதில் உட்கார்ந்தால் 43ல் எழுந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று, கணக்கில் சேராதது. கோவையில் பிஎஸ்ஜி தொழிற்கூடம் 1926ல் வந்தது, பொறியியல் கல்லூரி அதன் பக்கத்திலேயே 1951ல் வந்தது. பட்டறை முதலில், வகுப்பறை பிறகு. அதே கோவையில் 1945ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியின் முதல் பிரின்சிபாலாக இருந்த ஜி.டி. நாயுடு, நான்கு வருடப் படிப்பு எதற்கு, இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டுப் போனார். நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பட்டறைக்காரர் ஒருவர் கல்லூரிக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பது எண்பது வருடமாக இந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம். அவர் கேட்கும் கேள்வி அமைப்புக்குப் பிடிக்காது. உங்களுக்கும் அது நடக்கும். அப்போது கையில் பிஎச்.டி. இருந்தால் உங்களை வெளியே அனுப்புவது கொஞ்சம் கஷ்டம், இல்லாவிட்டால் ரொம்பச் சுலபம்.

இன்றிலிருந்தே சேர்க்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. பதவிப் பெயரும் தேதியும் போட்ட அனுபவச் சான்று, ஒவ்வொரு பதவி உயர்வின் கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக். தொழில்துறை அனுபவம் செல்லும் என்று விதியில் இருந்தாலும், ஏழெட்டு வருடம் கழித்துத் தேர்வுக் குழு முன் உட்காரும்போது அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அதற்குள் கம்பெனி கைமாறியிருக்கலாம், எச்.ஆர்.காரர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம்.

கடைசியாக, அந்த ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயம். வேலைக்குச் சேரும்போது சரிபார்க்கக் காட்டலாம், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇயே கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அப்படியும் பீரோவில் பூட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஆசிரியை, வேறு கல்லூரியில் இரு மடங்கு சம்பளத்துக்கு வேலை கிடைத்தும், செமஸ்டர் நடுவில் என்பதால் தன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்காக மூன்று மாதம் அலைந்தார். அந்த வேலை அதற்குள் போய்விட்டது.

ஆகவே பத்தாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டு, ‘இப்போது முழுநேரமாக வர முடியாது, சனிக்கிழமைகளில் மூன்றாம் வருடத்துக்கு மெட்ராலஜி எடுக்கத் தயார், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். சரி என்றால் முதல் சனிக்கிழமை பிளக் கேஜ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். அதற்கும் ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டால், நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். சேலம் ரோட்டில் கல்லூரிகளுக்கா பஞ்சம்.